அம்மாவோட ஜீன் வேற, அம்மாவோட கட்டியில இருக்கற ஜீன் வேற

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 58 வயசு. பீடி சிகரெட் எதையும் தொட்டதில்ல, வெறகடுப்புல சமைச்சு எங்கள வளத்தவங்க. போன மாசம் நுரையீரல்ல வலது பக்க மேல் லோப ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. ரிப்போர்ட்ல அடினோகார்சினோமாங்கற நுரையீரல் கேன்சர், 2.6 சென்டிமீட்டர், ப்ளூரா இன்வேஷன் பிஎல்1, 14 நெறிக்கட்டி (நோடு) பாத்ததுல எதுலயும் கேன்சர் இல்ல, ஸ்டேஜ் 1பி-ன்னு போட்டிருக்கு. அப்புறமா வந்த ரிப்போர்ட்ல ஈஜிஎஃப்ஆர் எக்ஸான் 19 டெலிஷன் பாசிட்டிவ். இப்ப 3 வருஷம் ஒசிமெர்டினிப் மாத்திரை போடணும்னு டாக்டர் சொல்றார். எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சுன்னு சர்ஜன் சொன்னாரே, பின்ன எதுக்கு மாத்திரை? ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு நாள் இருப்பாங்கங்கறது ஜீன்லயே இருக்குன்னு அண்ணன் எதையோ படிச்சுட்டு, எச்சில் துப்பி அனுப்பற ஜீன் டெஸ்ட் கிட் ஒண்ணு ஆர்டர் போட்டு வாங்கிட்டான். அம்மாவுக்கு இருக்கறது கெட்ட ஜீனா? எங்களுக்கும் வருமா? அண்ணன் வேற சிகரெட் பிடிப்பான். - ஈரோடு பக்கத்துலேர்ந்து ஒரு மகள்

பதில்: வணக்கம்மா. முதல்லயே சொல்லிடறேன், நான் பேத்தாலஜிஸ்ட். பேஷன்ட் முகத்த பாக்கறவங்க நாங்க கெடையாது, அவங்க ஒடம்புலேர்ந்து எடுத்தது ஒரு டப்பாவுல வரும், அதத்தான் பாப்போம். அதனால மாத்திரைய போடுங்க, வேண்டாம்னு முடிவு சொல்ற எடத்துல நான் இல்ல, அது உங்க ஆன்காலஜிஸ்ட் வேலை. ஆனா அந்த ரிப்போர்ட்ல இருக்கற ஒவ்வொரு வரியும் என்ன மாதிரி ஆளுங்க டேபிள்லேர்ந்துதான் வருது, அத எப்படி படிக்கணும்னு தாராளமா சொல்லுவேன்.

பிஎல்1-லேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நீங்க அத சும்மா தாண்டிப் போயிட்டீங்க, உங்க அம்மா விஷயத்துல பாதி அங்கதான் இருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்த லோப் எங்ககிட்ட வரும்போது காத்து போய் சுருங்கி ஈர ஸ்பாஞ்ச் மாதிரி கெடக்கும், மூச்சுக்குழாய் வழியா ஃபார்மலின ஏத்தி ஊதவெச்சு ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் நீளமான கத்திய வெச்சு வாழக்கா சீவற மாதிரி சீவுவோம். நுரையீரல் முழுக்க மெத்துன்னு போயிட்டே இருக்கும்போது ஒரு எடத்துல மட்டும் விரலுக்கு கெட்டியா தட்டுப்படும், அதுதான் கட்டி. அதுக்கு மேல போர்த்துன மாதிரி இருக்கற சவ்வு சில சமயம் தொப்புள் மாதிரி உள்ள இழுத்துக்கிட்டு இருக்கும். அந்த சவ்வுதான் ப்ளூரா. அந்த எடத்துலேர்ந்து துண்டு எடுத்து எலாஸ்டிக் ஸ்டெயின்னு ஒரு சாயம் போட்டா, சவ்வுக்குள்ள ஓடற எலாஸ்டிக் நார் புடவ பார்டர் மாதிரி கருப்பு கோடா தெரியும். கேன்சர் செல் அந்த கருப்பு கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுடுச்சுன்னா உங்க அம்மாவுக்கு ஸ்டேஜ் 1ஏ3-ன்னு போட்டிருப்பாங்க, அதே 2.6 சென்டிமீட்டர்தான், ஆனா கோட்ட தாண்டிடுச்சு, அதுதான் பிஎல்1, அதனால 1பி. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது அந்த தூரம், ஆனா மாத்திரை வேணுமாங்கற பேச்சே அதுலேர்ந்துதான் வருது. ஏன்னா அந்த மாத்திரைய ஆபரேஷனுக்கு அப்புறம் சோதிச்சு பாத்த ஆய்வுல 1பி-லேர்ந்து 3ஏ வரைக்கும்தான் சேத்தாங்க, 1ஏ-ல யாரையும் சேக்கல.

இப்ப ஜீனுக்கு வரேன். உங்க அண்ணன் கொழம்பினதுல தப்பே இல்ல, ஏன்னா ரெண்டு வேற வேற சங்கதிக்கு ஒரே பேர வெச்சிருக்கோம்.

ஒண்ணு, பொறக்கும்போதே அப்பா அம்மாகிட்டேர்ந்து வர்ற ஜீன். அது ரத்தத்துலயும் இருக்கும், எச்சில்லயும் இருக்கும், ஒடம்புல எந்த செல்ல எடுத்தாலும் அதேதான். ஆளுக்கு ஆள் இது வேறுபடும், ஒவ்வொருத்தருக்கும் பொது வரைபடத்தோட ஒப்பிட்டா நாப்பது அம்பது லட்சம் எடத்துல எழுத்து மாறியிருக்கும், அதுல ரொம்ப பெரும்பாலானது ஒண்ணுமே பண்ணாது. இன்னொண்ணு, பொறந்து பல வருஷம் கழிச்சு நுரையீரல்ல ஏதோ ஒரு செல்லுல மட்டும் ஏற்பட்ட மாற்றம், அந்த ஒரு செல் பெருகித்தான் கட்டியாச்சு, அதனால கட்டிக்குள்ள மட்டும் அது இருக்கும். ஈஜிஎஃப்ஆர்ங்கற ஜீன்ல எக்ஸான் 19-ங்கற பகுதியில கொஞ்சம் எழுத்து விழுந்து போறதுதான் எக்ஸான் 19 டெலிஷன், அது இந்த ரெண்டாவது வகை. அம்மாவோட கையிலயும் இல்ல, கண்ணுலயும் இல்ல, உங்களுக்கு குடுத்த கருமுட்டையிலயும் இல்ல. அதனால "எங்களுக்கும் வருமா"ங்கற கேள்விக்கு, இந்த மாற்றம் பரம்பரையா உங்களுக்கு வந்திருக்காது. பொறப்புலயே ஈஜிஎஃப்ஆர் மாறியிருக்கற குடும்பங்க ஒலகத்துல இருக்கு, ஆனா ரொம்ப அபூர்வம், அதுவும் அது பெரும்பாலும் டி790எம்ங்கற வேற மாற்றம். சொந்தத்துல இன்னும் ரெண்டு மூணு பேருக்கு சின்ன வயசுலயே நுரையீரல் கேன்சர் வந்திருந்தா மட்டும் ஜெனடிக் கவுன்சிலர்ட்ட போங்க.

இந்த எக்ஸான் 19-ல நடக்கறது என்னன்னா, பெரும்பாலான பேருக்கு வெறும் 15 எழுத்துதான் விழுந்து போயிருக்கும், அதனால புரோட்டீன்ல 5 அமினோ அமிலம் காணாம போயிரும். ஈஜிஎஃப்ஆர்ங்கறது செல்லு மேல இருக்கற காலிங் பெல்லுன்னு வெச்சுக்கோங்க, வெளியிலேர்ந்து யாராவது அமுத்தினாதான் அடிக்கணும், அடிச்சா செல்லு பெருகும். இந்த 15 எழுத்து போனதும் சுவிட்ச் உள்ள அமுங்கியே மாட்டிக்கிச்சு, ஆள் இல்லாம ராத்திரி பகலா அடிச்சுட்டே இருக்கு. சிகரெட் பிடிக்காத பொம்பளைங்களுக்கு ஏன் இந்த கேன்சர் வருதுன்னு ரொம்ப நாள் கொழம்பிட்டு இருந்தோம், 2004-ல அமெரிக்காவுல ஜெஃபிடினிப் மாத்திரைக்கு சில பேருக்கு மட்டும் கட்டி கரைஞ்சே போனத பாத்து அவங்க கட்டிய எடுத்து படிச்சப்பதான் இது வெளிய வந்துச்சு. அப்படி கரைஞ்சவங்கள்ல நெறைய பேர் சிகரெட் பிடிக்காதவங்க, பெண்கள், ஆசியாக்காரங்க. நம்ம நாட்டுல அடினோகார்சினோமா வந்தவங்கள்ல சுமாரா நாலுல ஒருத்தருக்கு இது இருக்கு, சீனா ஜப்பான் பக்கம் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு.

அப்ப இது கெட்ட ஜீனா? இந்த கேள்விய ரெண்டா ஒடைக்கணும்மா. ஒரு ஜீன் மாற்றம் "இவங்களுக்கு என்ன ஆகப்போகுது"ன்னு சொல்லலாம், இல்லேன்னா "இவங்களுக்கு எந்த மருந்து வேலை செய்யும்"னு சொல்லலாம். நீங்க ரிப்போர்ட்ட ஜாதகம் மாதிரி மொதல் கேள்விய வெச்சு பாக்கறீங்க. ஈஜிஎஃப்ஆர் நல்லா பதில் சொல்றது ரெண்டாவது கேள்விக்குத்தான். ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு ஒசிமெர்டினிப் குடுக்காத காலத்துல நானே இந்த ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டா அது சும்மா ஒரு தகவல், இப்ப அது ஒரு சாவி, ஏன்னா மாட்டிக்கிட்ட அந்த பெல்ல அடக்கறதுதான் ஒசிமெர்டினிப்போட வேலை.

சரி, எல்லாத்தையும் எடுத்தாச்சே, பின்ன ஏன் மாத்திரை. சர்ஜன் சொன்னது பொய் இல்ல, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரிஞ்சது எல்லாத்தையும் எடுத்துட்டார், ஓரத்துல கேன்சர் இல்லன்னு நாங்களும் மை தடவி பாத்து எழுதியிருப்போம். ஆனா 1 சென்டிமீட்டர் கட்டிங்கறதே பத்து கோடிலேர்ந்து நூறு கோடி செல், அதுக்கு முன்னாடியே ரத்தத்துல நாலு செல் நழுவி எலும்புலயோ மூளையிலயோ போய் உக்காந்திருந்தா எந்த ஸ்கேன்லயும் அது தெரியாது. இந்த ஈஜிஎஃப்ஆர் வகைக்கு மூளை மேல ஒரு தனிப் பிரியம் உண்டு, ஒசிமெர்டினிப் மூளைக்குள்ளயும் போகும்ங்கறது அதனால பெரிய விஷயம்.

அடாரா ஆய்வுன்னு உங்க டாக்டர் சொல்லியிருப்பார். ஆபரேஷன் முடிஞ்ச 682 பேர், பாதிப் பேருக்கு தினம் 80 மில்லிகிராம் ஒசிமெர்டினிப் 3 வருஷம், பாதிப் பேருக்கு டம்மி மாத்திரை. மொத ரிசல்ட் 2020-ல, உயிரோட இருக்கற கணக்கு 2023-ல வந்துச்சு. மொத்தமா பாத்தா 5 வருஷம் கழிச்சு மாத்திரை போட்டவங்கள்ல 100-க்கு 88 பேர், போடாதவங்கள்ல 78 பேர். ஆனா உங்க அம்மாவுக்கு இந்த மொத்த கணக்கு பொருந்தாது, ஸ்டேஜ் 1பி மட்டும் தனியா பாருங்க, மாத்திரையோட 94, மாத்திரை இல்லாம 88. 3ஏ-ல பாத்தா மாத்திரையோட 85, இல்லாம 67, அங்க வித்தியாசம் பெருசு.

இத ரெண்டு விதமா படிக்கலாம், ரெண்டும் சரிதான். மாத்திரையே இல்லாம கூட 1பி-ல 100-க்கு 88 பேர் 5 வருஷம் தாண்டி இருக்காங்க, அதனால இத மரண தண்டனை மாதிரி நெனச்சு வீட்ல அழுதுட்டு இருக்க வேண்டாம். அதே சமயம் 100 பேர் 3 வருஷம் மாத்திரை போட்டா, அந்த 5 வருஷ கணக்குல கூடுதலா தப்பிக்கறது 6 பேர், அந்த 6-ல உங்க அம்மா இருப்பாங்களான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. இன்னொண்ணும் சொல்லணும், டம்மி மாத்திரை போட்டவங்களுக்கு கேன்சர் திரும்பி வந்தப்ப எல்லாருக்கும் ஒசிமெர்டினிப் கெடைச்சிடல, எல்லாருக்கும் கெடைச்சிருந்தா அந்த 6 இன்னும் கொறஞ்சிருக்குமோன்னு கேக்கறவங்க இருக்காங்க, நியாயமான கேள்விதான். 3 வருஷம் முடிச்சு நிறுத்தினதுக்கு அப்புறம் சில பேருக்கு திரும்பவும் வந்திருக்கு. மாத்திரையால பேதி, தோல்ல பொரி, நகத்த சுத்தி புண்ணு, இதெல்லாம் சகஜம். மூச்சு வாங்குறது புதுசா ஆரம்பிச்சா மட்டும் மறுநாள் வரைக்கும் காத்திருக்கக்கூடாது, நுரையீரல் அழற்சி அபூர்வமா வரும், வந்தா ஆபத்து.

என் அம்மாவா இருந்தா போட சொல்லியிருப்பேன். ஆனா வீட்ட அடமானம் வெச்சுத்தான் போடணும்ங்கற நெலமைல 1பி-க்கு போட சொல்லுவேனான்னு கேட்டா தயங்குவேன், 3ஏ-ன்னா அந்த தயக்கம் இருக்காது. இத உங்க டாக்டர்ட்ட கூச்சப்படாம இப்படியே கேளுங்க, ஏன்னா நம்ம ஊர்ல காசு பத்தி டாக்டர்ட்ட பேசறத அசிங்கமா நெனச்சுட்டு நாலு மாசம் போட்டுட்டு சத்தமில்லாம நிறுத்திடறாங்க. 2024 பட்ஜெட்ல ஒசிமெர்டினிப்புக்கு இறக்குமதி வரிய எடுத்தாங்க, கம்பெனி உதவித் திட்டம் எதாவது இருக்கான்னு ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கர்ட்ட விசாரிங்க. வாட்ஸப்புல யாரோ பார்டர் தாண்டி வர்ற மாத்திரைய பாதி வெலைக்கு தர்றேன்னு சொன்னா, டாக்டர்ட்ட காட்டாம வாங்காதீங்க. கீமோ பத்தி நீங்க கேக்கல, இந்த சைஸ் கட்டிக்கு 1பி-ல பெரும்பாலும் அது பேச்சுக்கே வராது. இம்யூனோதெரபி ஊசி பத்தி யாராவது சொன்னாலும், ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் கட்டிக்கு அது சரியா வேலை செய்யறதில்ல.

இப்ப அண்ணன் படிச்ச விஷயம். அதுவும் சுத்த பொய் இல்ல. பொறப்பு ஜீன்ல இருக்கற ஒரு எழுத்து வித்தியாசம், எஸ்என்பி-ன்னு சொல்லுவோம், அது ஆபரேஷனுக்கு அப்புறம் ஆயுசோட சம்பந்தப்பட்டிருக்கான்னு இருபது வருஷமா நெறைய தேடியிருக்காங்க, தென்கொரியாவுல டேகுலேர்ந்து மட்டும் எத்தனையோ பேப்பர், பாஸ்டன்ல ஆரம்பிச்சு நார்வே பேஷன்ட்ங்ககிட்ட சரிபாத்ததா 2009-ல ஒண்ணு. யோசனை நியாயமானதுதான், டிஎன்ஏ-வ ரிப்பேர் பண்ற ஜீன் ஒருத்தருக்கு கொஞ்சம் மந்தமா இருந்தா கேன்சர் நடந்துக்கற விதமும் கீமோவுக்கு ஒடம்பு தாங்கற விதமும் மாறலாம்தானே. ஆனா கணக்குல ஒரு பொறி இருக்கு. சில நூறு பேரோட ரத்தத்த எடுத்து 500 எஸ்என்பி-ய ஒவ்வொண்ணா "இது இருக்கறவங்க சீக்கிரம் போறாங்களா"ன்னு பாத்தா, வழக்கமான 5 சதவீத அளவுகோல்படி ஒரு சம்பந்தமும் இல்லாமலே 25 எஸ்என்பி "ஆமா"ன்னு சொல்லும். வெறும் தற்செயல். அதுல ஒண்ண எடுத்து பேப்பர் போட்டா தலைப்பு பிரமாதமா இருக்கும், அடுத்த ஊர்ல வேற பேஷன்ட்ங்ககிட்ட பாத்தா காணாம போயிரும். இத்தனை பேப்பர் வந்தும், ஆபரேஷன் முடிஞ்ச நுரையீரல் கேன்சர் பேஷன்ட்டுக்கு பொறப்பு எஸ்என்பி-ய பாத்து மாத்திரை குடுக்கறதோ நிறுத்தறதோ எங்கயும் வழக்கத்துக்கு வரல.

இதுல நாங்களே ஏமாந்த கதை ஒண்ணு உண்டு. ஈஆர்சிசி1-ன்னு ஒரு ரிப்பேர் ஜீன், அதோட புரோட்டீன் கட்டியில இல்லேன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் சிஸ்பிளாட்டின் கீமோ நல்லா வேலை செய்யுது, இருந்தா பிரயோஜனம் இல்லன்னு 2006-ல பாரிஸ் பக்கத்து வில்ஜுயிஃப் குரூப் 761 பேரோட கட்டிய சாயம் போட்டு பாத்து சொன்னாங்க. எங்களுக்கெல்லாம் ஒரே குஷி, ஒரு ஸ்லைடு, பழுப்பு கலர் வந்தா கீமோ வேண்டாம், வரலேன்னா குடு, இவ்வளவு சுலபமா. நான் அப்ப இருந்த லேப்ல கூட அந்த புரோட்டீன்ல ஒட்டிக்கிட்டு கலர் காட்டற மருந்த, ஆன்டிபாடின்னு சொல்லுவோம், வாங்கி வெச்சோம். நாலஞ்சு மாசம் கழிச்சு புது பாட்டில் வந்ததும் அதே கட்டித் துண்ட திரும்ப போட்டா பழைய ஸ்லைடுல வெளுப்பா இருந்தது இதுல பழுப்பா நிக்குது, டெக்னீஷியன் தப்புன்னு பாவம் அந்த பையன திட்டினேன். 2013-ல அதே பிரெஞ்சு குரூப்பே திரும்ப பாத்துட்டு நேர்மையா எழுதினாங்க, பழைய ரிசல்ட் மறுபடி வரல, ஈஆர்சிசி1 நாலு வடிவத்துல இருக்கு, அதுல ஒண்ணுதான் உண்மையில வேலை செய்யறது, 16 ஆன்டிபாடிய சோதிச்சும் அந்த ஒண்ண மட்டும் தனியா காட்டறது ஒண்ணுகூட இல்ல. பையன் அதுக்குள்ள வேற ஊருக்கு போயிட்டான்.

அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழகத்துல நடந்தது இதவிட மோசம், கட்டியோட ஜீன் அமைப்ப பாத்து ஆரம்ப ஸ்டேஜ் நுரையீரல் கேன்சர் யாருக்கு திரும்பும்னு சொல்லிடலாம்னு அதே 2006-ல பெரிய ஜர்னல்ல வந்துச்சு, ஹூஸ்டன்ல பேகர்லி, கூம்ப்ஸ்னு ரெண்டு கணக்கு வாத்தியாருங்க அந்த குரூப்போட மத்த பேப்பர்கள நோண்டி பாத்தா ஜீன் பட்டியல் ஒரு வரிசை நகந்து போயிருக்கறது மாதிரி தப்புங்க வெளிய வந்துச்சு, கடைசில 2011-ல இந்த நுரையீரல் பேப்பரையும் வாபஸ் வாங்கிட்டாங்க. அதனால "உங்க ஜீன பாத்து ஆயுச சொல்றோம்"னு யாராவது சொன்னா எனக்கு கை தானா பர்ஸ புடிச்சுக்கும்.

கட்டிக்குள்ள தேடறது வேற கதை, அதுல உண்மையான வெளிச்சம் வந்திருக்கு. லண்டன்ல டிரேசர்எக்ஸ்னு ஒரு பெரிய ஆய்வு, ஆபரேஷன்ல எடுத்த ஒரே கட்டிய பல எடத்துல கிள்ளி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா படிக்கறாங்க. 2017-ல மொத 100 பேரோட ரிசல்ட் வந்துச்சு, கட்டியோட ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் குரோமோசோம் எண்ணிக்கையே வேற வேறயா கலைஞ்சு கெடக்கறவங்களுக்கு, அதாவது உள்ளயே ஒழுங்கில்லாம மாறிட்டே இருக்கற கட்டி இருந்தவங்களுக்கு, கேன்சர் திரும்பறதோ இறப்போ கிட்டத்தட்ட 5 மடங்கு அதிகம். ஆனா இதையும் உங்க ஊர் லேப்ல காசு கட்டி பாக்க முடியாது, இன்னும் ஆராய்ச்சிதான்.

ஆக, எச்சில்ல இருக்கறது பொறப்பு ஜீன் மட்டும். அந்த கிட்டுக்கு உங்க அம்மாவோட எக்ஸான் 19 கூட தெரியாது, கட்டி எச்சில்ல இல்லையே. காசு செலவு பண்ணணும்னா இப்படி பண்ணுங்க: அம்மாவோட கட்டிய மெழுகுல பொதிச்சு வெச்சிருப்பாங்க, கை வெரல் அகலத்துல சின்ன கட்டம், அதுக்கு பேர் பிளாக். அது எந்த லேப்ல இருக்கு, பிளாக் நம்பர் என்னன்னு எழுதி வாங்கி ஃபைல்ல வெச்சுக்கோங்க. நாளைக்கு வேற டெஸ்ட் வேணும்னாலும் ரெண்டாவது ஒப்பீனியன் வேணும்னாலும் அதுதான் மூலதனம், எத்தனையோ குடும்பம் அஞ்சு வருஷம் கழிச்சு வந்து தேடும்போது பிளாக் கெடைக்காம தலைல கைய வெச்சிருக்காங்க. ரிப்போர்ட்ல ஓரம் சுத்தமான்னு ஒரு வரி இருக்கும், எஸ்டிஏஎஸ்னு ஒண்ணு, கட்டிய தாண்டி காத்தறைகள்ல செல் செதறியிருக்கான்னு அர்த்தம், அப்புறம் செல் அடுக்கியிருக்கற விதத்த லெபிடிக், மைக்ரோபேப்பிலரி, சாலிட்னு பிரிச்சு சதவீதம் போட்டிருப்பாங்க, மைக்ரோபேப்பிலரியும் சாலிடும் அதிகமா இருந்தா கொஞ்சம் மொரட்டு கட்டின்னு அர்த்தம். எழுதலேன்னா பேத்தாலஜிஸ்ட்ட கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, நாங்க கடிக்க மாட்டோம். மாத்திரை போட்டாலும் போடலேன்னாலும் மொத ரெண்டு மூணு வருஷம் 6 மாசத்துக்கு ஒரு தடவ சிடி எடுக்கணும், அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு.

அண்ணன்கிட்ட பொறப்பு ஜீன் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. 2008-ல மூணு குரூப் தனித்தனியா ஒரே எடத்துல கைய வெச்சாங்க, 15-ஆவது குரோமோசோம்ல நிக்கோட்டின் ரிசப்டர் ஜீன். அதுல ஒரு வித்தியாசம் இருக்கறவங்க சிகரெட் அதிகமா பிடிக்கறாங்க, நுரையீரல் கேன்சரும் அதிகமா வருது. எச்சில் துப்பி அது தனக்கு இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டாலும் செய்ய வேண்டியது அதேதான், விடணும். அவர் பங்குக்கு இன்னொரு கணக்கும் இருக்கு, 2010-ல பழைய ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தாங்க, ஆரம்ப ஸ்டேஜ்ல நுரையீரல் கேன்சர் கண்டுபிடிச்ச 65 வயசு ஆட்கள் தொடர்ந்து புகைச்சா 5 வருஷம் தாண்டறது 33 சதவீதம், விட்டுட்டா 70. நான் மேல சொன்ன எந்த எஸ்என்பி-யும் இவ்வளவு வித்தியாசம் காட்டினதில்ல. அம்மா பிடிக்கறதில்ல, சரி, ஆனா ஒரு லோப் கொறைஞ்ச நுரையீரலோட அவங்க படுத்திருக்கற வீட்ல மாடிப்படிக்கட்டுல நின்னு ஊதிட்டு உள்ள வர்றத மொதல்ல நிறுத்த சொல்லுங்க, வெறகடுப்பு இன்னும் இருந்தா அதையும் மாத்துங்க.

அப்புறம் அந்த ஜீன் டெஸ்ட் கிட் பெட்டிய இன்னும் பிரிக்கலேன்னா திருப்பி எடுத்துப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க. அந்த காசுல ஒரு சிடிக்கு கொஞ்சம் ஆகும்.